மொட்டமாடி மீன் கடை, ஒரு பூனை, ஒரு நாய், ரெண்டு பசங்க: எல்லாரும் கேக்கற கேள்விகள்

எங்க பொண்ணுக்கு 12 வயசு, ஏழாவது படிக்கிறா. சென்னை வில்லிவாக்கத்துல எங்க வீட்டு மொட்டமாடில கப்பி மீன் வளத்து விக்கிறா. அவளுக்கு கீழ ஒரு தம்பி, 9 வயசு. கூட ஒரு பூனை (பேரு பூரி), ஒரு தெரு நாய் (பேரு மணி, இப்ப தெருவுல இல்ல, எங்க சோஃபால). சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, ஸ்கூல் அம்மாங்கன்னு யார பாத்தாலும் அதே பத்து பதினஞ்சு கேள்வி தான் கேக்கறாங்க, நானும் பிளவுஸ் தைக்கிற மெஷின நிறுத்திட்டு நிறுத்திட்டு பதில் சொல்லி சொல்லி வாய் வலிச்சு போச்சு. அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன், இனிமே கேக்கறவங்களுக்கு இத அனுப்பிடுவேன்.

கே: யார் ஐடியா இது? நீங்க தான் ஆரம்பிச்சு வெச்சீங்களா?

இல்லங்க, என் மாமனார். அவர் சின்ன வயசுல சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட்ல ஜாம் பாட்டில்ல மீன் வாங்கிட்டு வந்தவரு, 1985ல அந்த மார்க்கெட் எரிஞ்சு போனத பத்தி இன்னிக்கும் சொந்த வீடு எரிஞ்ச மாதிரி பேசுவாரு. 2023 மே லீவுல ரெண்டு பேரும் போன புடிச்சிட்டு உக்காந்திருந்தத பாத்து கடுப்பாகி, வாங்கடான்னு கொளத்தூர் கூட்டிட்டு போனாரு. எங்களுக்கு பக்கம் தானே. கொளத்தூர் தெரியாதவங்களுக்கு சொல்றேன், வண்ண மீன்ல இந்தியாவுலயே பெரிய இடங்கள்ல ஒண்ணு அது, தெரு தெருவா மீன் கடை, பல வீட்டுல மொட்டமாடி, பின்கட்டு எல்லாம் தொட்டி தான்.

ஆளுக்கு நூறு ரூபா குடுத்து உங்களுக்கு புடிச்சத வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டாரு. பொண்ணு ரெண்டு ஜோடி கப்பி வாங்கினா. பையன் ஒரே ஒரு நீல கலர் ஃபைட்டர் மீன் வாங்கினான், பாக்கறதுக்கு ராஜா மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஆட்டோல அவன் தான் பெருமையா இருந்தான், என்னுது தான் கெத்து, உன்னுது கொசு மாதிரி இருக்குன்னு. இந்த வீட்டு சண்டை எல்லாத்துக்கும் ஆரம்பம் அந்த இருநூறு ரூபா தான்.

கே: ஏன், மீன்ல என்ன சண்டை?

கப்பி குட்டி போடும், முட்டை போடாது. பொம்பள மீனுக்கு வயித்துக்கு பின்னாடி ஒரு கருப்பு புள்ளி இருக்கும், அது பெருசாகி வயிறு சதுரமா தெரிஞ்சா இன்னிக்கோ நாளைக்கோன்னு அர்த்தம். நாலு வாரத்துக்கு ஒரு தடவ, ஒரு தடவைக்கு இருபது முப்பது குட்டி. இன்னொரு விஷயம், ஒரு தடவ ஆம்பள மீனோட சேந்தா போதும், அத உள்ளயே சேத்து வெச்சு அப்புறம் பல மாசம் தனியா இருந்தாலும் குட்டி போட்டுட்டே இருக்கும். ஆக ஜூன் கடைசில எங்க பொண்ணு கிட்ட நாப்பது மீன். தம்பி கிட்ட அதே ஒண்ணு. ஃபைட்டர் ஆம்பளைய இன்னொரு ஆம்பளையோட போட்டா கடிச்சு கிழிச்சிடும், அதனால துணைக்கும் விட முடியாது.

அவனுக்கு ஏழு வயசு அப்ப. அக்கா ஏமாத்தறா, எங்கயோ போய் மீன் வாங்கிட்டு வந்து சேக்கறான்னு மாமனார் கிட்ட கம்ப்ளெயின்ட். நாங்க சிரிச்சோம். சிரிச்சிருக்க கூடாது, இப்ப தோணுது.

கே: ஆரம்பிக்க எவ்ளோ செலவு ஆச்சு?

முதல் மூணு மாசத்துக்கு மொத்தமா 1,450 ரூபா, அவ நோட்ல இருக்கு. கண்ணாடி தொட்டி எதுவும் வாங்கல. பழக்கடைல திராட்சை வர்ற தெர்மாகோல் பாக்ஸ சும்மாவே குடுத்தாங்க, சிலது ஒழுகும், தண்ணி ஊத்தி ஒரு நாள் வெச்சு பாத்துட்டு எடுத்துக்கணும். ஏர் பம்ப், ஸ்பான்ஜ் ஃபில்டர், வலை, தீனி, அப்புறம் வெயிலுக்கு பச்ச நிழல் வலை, இவ்ளோ தான். கரண்டுக்கு பயப்பட வேணாம், 5 வாட் பம்ப் மாசம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட் தான். இந்த கணக்க போட்டது தம்பி, அக்காவ கரண்ட் பில்லுல மாட்டி விடலாம்னு போட்டான், கம்மியா வந்ததும் நோட்ட மூடி வெச்சிட்டான்.

கே: நாங்க வாங்கினா ரெண்டே நாள்ல செத்து போகுது, உங்க பொண்ணு மட்டும் எப்படி வளக்கிறா?

அவளுதும் செத்துச்சு. அவ நோட்ல வரவு, செலவு, அதுக்கு பக்கத்துலயே "செத்தது"ன்னு ஒரு கட்டம் இருக்கும். முதல் மாசம் அந்த கட்டம் தான் நிறைய ரொம்பி இருந்துச்சு.

விஷயம் தண்ணி தான். குழாய்ல வர்ற மெட்ரோ தண்ணில குளோரின் இருக்கும், அத புடிச்சு பக்கெட்ல ஒரு நாள் வெச்சிட்டு தான் ஊத்தணும். போர் தண்ணி கொஞ்சம் உப்பா கடினமா இருந்தா கப்பிக்கு பிரச்சன இல்ல, அதுக்கு அது புடிக்கும் கூட. ஆனா எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, புது தொட்டில மீன விட்டுட்டு, தண்ணி கலங்கினதும் மொத்தத்தையும் கொட்டி பளிச்சுனு கழுவி திரும்ப ஊத்தறது. மீன் போற கழிவுல அம்மோனியா வரும், அத தின்னு குறைக்கற நல்ல கிருமி தொட்டி ஓரத்துலயும் ஃபில்டர் ஸ்பான்ஜுலயும் தான் உக்காந்திருக்கும், அது வளர நாலஞ்சு வாரம் ஆகும், நீங்க அத கழுவி கழுவி சாக்கடைல விட்டா மீன் எப்படி பொழைக்கும். வாரத்துக்கு கால்வாசி தண்ணி மட்டும் மாத்தணும், ஸ்பான்ஜ தொட்டி தண்ணிலயே அலசணும். தீனி ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு தான். என் மாமியார் மட்டும் பாவம் பசிக்கும்னு சொல்லி யாருக்கும் தெரியாம ஒரு கை போட்டுட்டு வருவாங்க, வயசானவங்கள எப்படி சொல்றது.

கே: தாய் மீனே குட்டிய தின்னுடுமாமே?

தின்னும். வேலம்பாசின்னு தண்ணிக்குள்ள வளர்ற செடி, அத நிறைய போட்டு வெச்சா குட்டிங்க அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். எங்க பொண்ணு புள்ளத்தாச்சி மீன தனி பாக்ஸ்ல மாத்தி, குட்டி போட்டதும் தாய எடுத்துடுவா. குட்டிக்கு தீனிய மாவா நுணுக்கி ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ போடணும், அவித்த முட்டை மஞ்சக்கருவ துணில வடிகட்டி ஒரு சொட்டு விடலாம், ஆனா தண்ணி சீக்கிரம் நாறிடும். ஸ்கூல் நாள்ல மதிய தீனி யார் போடறதுன்னா நான் தான், வேற யாரு.

கே: பூனை வீட்ல வெச்சுகிட்டு மீனா?

இது தான் எல்லாரும் சிரிச்சிகிட்டே கேக்கற கேள்வி. பூரி எங்க வீட்டுக்கு மீனுக்கு முன்னாடியே வந்தது, அதுக்கு தான் சீனியாரிட்டி. முதல் வாரமே பாக்ஸ் விளிம்புல உக்காந்து கைய விட்டு ஒண்ணு எடுத்துடுச்சு. என் வீட்டுக்காரர் பழைய இரும்புக்கடைல போய் டேபிள் ஃபேன் கூண்டு ஆறு எடை போட்டு வாங்கிட்டு வந்தாரு, பாக்ஸ் மேல அத கவுத்து ஓரத்துல கல்லு வெச்சிட்டோம். இப்ப பூரி அந்த கூண்டு மேல தான் தூங்குது, கீழ மீன் ஓடுது, ரெண்டும் அதது வேலைய பாக்குது. வலை போட்டீங்கன்னா நகம் மாட்டிக்கும், பூனைக்கும் வலி, வலையும் கிழியும்.

மணி மீன் பக்கமே போகாது. மணியோட பிரச்சன வேற. அவன தெருவுல இருந்து தூக்கிட்டு வந்தவ பொண்ணு, பேரு வெச்சவ பொண்ணு, ரேபிஸ் ஊசிக்கு கூட்டிட்டு போறப்ப கழுத்த கட்டி புடிச்சிட்டு நின்னவ பொண்ணு. ராத்திரி அவன் போய் படுக்கறது மட்டும் தம்பி கால்மாட்டுல. அவளுக்கு இன்னமும் அது ஆறல. நான் மீன பாத்துட்டு மாடில இருக்கற நேரத்துல இவன் பிஸ்கட் குடுத்து மயக்கிட்டான்னு சொல்றா, அது உண்மையும் கூட. நாய் யாரு கூட நேரம் கழிக்குதோ அவங்க கிட்ட தானே போகும். வியாபாரம்னு வந்துட்டா இன்னொன்னுக்கு நேரம் குறையும்னு பன்னண்டு வயசுல அவ நாய் கிட்ட கத்துக்கிட்டா, நான் பொங்கல் சீசன்ல இவங்கள கவனிக்காம பிளவுஸ் தைக்கறப்ப அவ என்ன ஒரு பார்வ பாப்பா, இப்ப அது கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

(நாய் வெச்சிருக்கவங்க கார்ப்பரேஷன் லைசென்ஸ் எடுத்துடுங்க, அதுக்கு ரேபிஸ் ஊசி போட்ட சர்டிபிகேட் வேணும். நாட்டு நாய்க்கும் தான்.)

கே: பையன் அவளோட மீன வித்துட்டானாமே, உண்மையா?

உண்மை தான். இது யார் பரப்பினாங்கன்னு தெரியும், நாத்தனாரே, படிச்சிட்டு சிரிக்காதீங்க.

பொண்ணு ஆரம்பத்துல எல்லா மீனுக்கும் பேரு வெச்சா. பேரு வெச்சா விக்க மனசு வராது, விக்கலன்னா இடம் பத்தாது. ரெண்டு மூணு பேரு வாசல்ல காசோட வந்து நின்னு, இவ மாடில அழுதுட்டு, நான் கீழ சமாளிச்சு அனுப்பினேன். அப்புறம் அவளே ஒரு ரூல் போட்டா: பேரு வெச்சது விக்கறதுக்கு இல்ல, விக்கறதுக்கு பேரு கிடையாது. பேரு வெச்சது மொத்தம் அஞ்சு, அதுக்கு தனி பாக்ஸ், சிவப்பு பெயின்ட்ல கோடு போட்டது. அதுல "பட்டு"ன்னு ஒண்ணு, வால் அப்படியே பட்டுப்புடவ முந்தானி மாதிரி செவப்புல மஞ்ச ஜரிகை.

ஒரு சனிக்கிழம அவ டியூஷன் போயிருந்தா, தம்பியோட ஃப்ரெண்டு வந்தான், மீன் கேட்டான். இவன் நேரா சிவப்பு கோடு பாக்ஸ்ல வலைய விட்டு பட்டுவ புடிச்சு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு இருபது ரூபாய்க்கு குடுத்துட்டான். காச கொண்டு வந்து அக்கா நோட்டுக்குள்ள வெச்சு "பட்டு 20"ன்னு எழுதியும் வெச்சிருந்தான். திருட்டுன்னும் சொல்ல முடியல பாருங்க.

ஒம்போது நாள் பேசல. அடிச்சிக்கிட்டா கூட பரவால்ல, ஒரே தட்டுல சப்பாத்தி எடுக்கறப்ப கூட ஒருத்தர் கை வந்தா இன்னொருத்தர் கை பின்னாடி போகும். பத்தாவது நாள் நான் ரெண்டு பேரையும் இழுத்துட்டு அந்த பையன் வீட்டுக்கு போனேன், காச திருப்பி குடுத்து மீன வாங்கிக்கலாம்னு. அங்க போனா அந்த பையன் பட்டுக்கு "டர்போ"ன்னு பேரு வெச்சு, மேஜ மேல அழகா தொட்டி, செடி, லைட்டு எல்லாம் போட்டு வெச்சிருக்கான். பொண்ணு கொஞ்ச நேரம் பாத்தா. தண்ணி எப்ப மாத்தினன்னு கேட்டா. அப்புறம் போலாம்மான்னு சொல்லிட்டா. நான் கேக்கல, அவளும் சொல்லல. வர்ற வழில தம்பி கிட்ட முதல் வார்த்தையா சொன்னது, அதோட வெல நாப்பதுடா லூசு.

கே: ரெண்டு பேரையும் பார்ட்னரா சேத்து விட்டிருக்கலாமே?

விட்டோம். ஷேர் பண்ணு, விட்டுக்குடு, நீ பெரியவ தானேன்னு எல்லா அம்மா மாதிரியும் நானும் சொன்னேன். மூணு வாரம் கூட ஓடல. அவன் பார்ட்னர் இல்ல, எடுபிடி ஆயிட்டான், பக்கெட் தூக்கு, வலைய கழுவு, காசு மட்டும் அவ பையில. அவன் கோவம் நியாயம் தான். என் வீட்டுக்காரர் தான் சொன்னாரு, எங்கப்பா எனக்கும் அண்ணனுக்கும் வீட்ட பிரிச்சு குடுத்த அப்புறம் தான் நாங்க நல்லா பேசிக்கிட்டோம், இவங்களுக்கும் மாடிய பிரிச்சு விடுன்னு. சாக்பீஸ்ல கோடு போட்டோம். தண்ணி டேங்க் பக்கம் அவளுக்கு, துணி காயப்போடற பக்கம் அவனுக்கு. தனி நோட்டு, தனி உண்டியல்.

அவன் முதல்ல ஃபைட்டர் குட்டி எடுக்க பாத்தான். அது கப்பி மாதிரி ஈசி இல்ல, ஆம்பள மீன் வாயால காத்த ஊதி தண்ணி மேல நுரைக்கூடு கட்டும், முட்டைய அதுல ஒட்டி வெச்சு அதுவே காவல் காக்கும், பொம்பளைய உடனே எடுத்துடணும் இல்லன்னா அடி வாங்கும். பொறிஞ்ச குட்டி கண்ணுக்கே தெரியாது, அதுக்கு தீனி குடுக்கறது பெரிய வித்த. மூணு தடவையும் போச்சு. ஆனா அதுக்காக தெருவுல இருக்கற நாட்டு பாதாம் மரத்துல இருந்து காஞ்சு விழுந்த இலைய பொறுக்கிட்டு வந்தான், அந்த இலைய போட்டா தண்ணி டீ கலர்ல மாறும், ஃபைட்டருக்கு அது நல்லது, மீன் கடைல எல்லாம் காசுக்கு விக்கிற சாமான் அது. பையனுக்கு அங்க தான் பல்பு எரிஞ்சுச்சு. மரம் சும்மா நிக்குது, இலை சும்மா விழுது. இப்ப கழுவி, நிழல்ல காய வெச்சு, பத்து இலை ஒரு கட்டு இருபது ரூபா. தீனி செலவு இல்ல, "செத்தது" கட்டமும் இல்ல. லாபம் அவனுக்கு தான் ஜாஸ்தி, அவளுக்கு அது தெரியும்.

கே: மாசம் எவ்ளோ வருது? அந்த காச யாரு வெச்சிருக்கீங்க?

நல்ல மாசம்னா எழுநூறு எண்ணூறு, பரீட்சை மாசம் கடை லீவு, சைபர். கொளத்தூர் கடைக்கு மொத்தமா குடுத்தா ஒரு மீனுக்கு அஞ்சு ஆறு ரூபா தான் தேறும், அதனால பக்கத்து வீட்டு பசங்களுக்கு ஜோடி நாப்பதுன்னு விக்கிறா. காசு பேங்க்ல அவ பேர்ல. பத்து வயசு ஆயிட்டா பசங்க தன் பேர்லயே சேவிங்ஸ் அக்கவுண்ட்ட இயக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விட்டிருக்கு, எவ்ளோ வரைக்கும் எடுக்கலாம்ங்கறது அந்தந்த பேங்க் முடிவு. பொண்ணுங்களுக்கான செல்வமகள் சேமிப்பு திட்டத்துல அவளுக்கு குழந்தையா இருக்கப்பவே போட்டாச்சு, அதுக்கும் தம்பி ஒரு நாள் செல்வமகன் எங்கன்னு சண்ட, போஸ்ட் ஆபீஸ்ல பொன்மகன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லி அவன் வாய அடைச்சோம், அது யாரு வேணா போடற பிபிஎஃப் சேமிப்பு தான்னு அவனுக்கு இன்னும் தெரியாது.

கே: சின்ன பொண்ண வேல வாங்கறது சட்டப்படி தப்பில்லையா?

நேரா கேட்டவங்க ஒரே ஒருத்தர், அவங்களுக்கு நன்றி. குழந்தை தொழிலாளர் சட்டத்துல 2016ல கொண்டு வந்த திருத்தப்படி 14 வயசுக்கு கீழ இருக்கறவங்க ஸ்கூல் நேரம் போக, லீவுல, சொந்த குடும்ப தொழில்ல உதவலாம், ஆபத்தான வேலையா இருக்க கூடாது. எங்க வீட்டு ரூல் அத விட டைட்டு, சாயந்தரம் ஒரு மணி நேரம், மழைல மாடி ஏற கூடாது, பம்ப் ப்ளக்க நாங்க தான் தொடுவோம்.

கே: கொசு வராதா?

மீன் இருக்கற தண்ணில வராது, கப்பி கொசுப்புழுவ தேடி தேடி தின்னும், கொசுவ ஒழிக்க கிணத்துல விடறதே இந்த மீன தான். ஆனா குளோரின் போக பக்கெட்ல வெக்கிறோம் பாருங்க, அதுல தான் டெங்கு கொசு முட்டை போடும். ஒரு தடவ கார்ப்பரேஷன் அக்கா வந்து பக்கெட்ல டார்ச் அடிச்சு புழுவ காட்டிட்டு திட்டிட்டு போனாங்க. அப்ப இருந்து பக்கெட்டுக்கு பழைய வேட்டி துணி கட்டி வெக்கிறோம்.

இன்னொன்னு, மீன் ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு பக்கத்துல இருக்கற ரெட்டேரி ஏரில கொண்டு போய் விடாதீங்க ப்ளீஸ். கப்பி நம்ம ஊர் மீன் இல்ல, தென் அமெரிக்கா பக்கத்து மீன், எங்க விட்டாலும் பெருகி உள்ளூர் மீனுக்கு இடைஞ்சல் பண்ணும். எங்க கிட்டயே திருப்பி குடுங்க, காசு வேணாம்.

கே: மழைக்கு என்ன பண்றீங்க?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல நல்லா பட்டாச்சு. ரெண்டு பாக்ஸ் ரொம்பி வழிஞ்சு மீன் எல்லாம் மாடி குழாய் வழியா ரோட்டுக்கு போயிடுச்சு, ரோடே ஏரி மாதிரி இருந்துச்சு. கரண்டும் இல்ல, பம்ப் நின்னு மீன் எல்லாம் மேல வந்து வாய பொளந்துட்டு இருந்துச்சு. பாக்ஸ வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து, அரை மணிக்கு ஒரு தடவ சொம்புல தண்ணிய மொண்டு மேல இருந்து ஊத்தணும், அப்ப தான் காத்து கலக்கும். ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊத்தினாங்க. இவ கப்பிக்கு அவனும் ஊத்தினான். அப்ப பட்டு சண்ட முடிஞ்சு ஒரு மாசம் தான் ஆயிருந்துச்சு. இப்ப எல்லா பாக்ஸுலயும் விளிம்புக்கு கீழ ஓட்ட போட்டு கொசுவலை ஒட்டியாச்சு.

கே: கிளி, ஆமை எல்லாம் கிடைக்குமா?

கிடைக்காது. பச்சக்கிளியும் நட்சத்திர ஆமையும் வீட்ல வெச்சிருக்கறதே வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் 1972 படி குத்தம். கேக்காதீங்க.

கே: மீன் வாங்கணும்னா எப்ப வரலாம்?

ஞாயித்துக்கிழம நாலுல இருந்து ஆறு. கவர்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் காத்து வெச்சு கட்டி குடுப்பா, வீட்டுக்கு போய் கவரோட தொட்டில பதினஞ்சு நிமிஷம் மிதக்க விட்டு அப்புறம் திறங்க. தம்பி கட்டினா மட்டும் திருப்பி குடுத்துடுங்க, அவன் வாயால ஊதி கட்டுவான்.

பாதாம் இலை அவன் பக்கம், கோட்ட தாண்டி போகணும். அக்காவும் அவன் கிட்ட தான் வாங்கறா. போன வாரம் சில்லறை இல்ல நாளைக்கு தரேன்னு சொன்னா, கடன் கிடையாதுன்னு அட்டைல எழுதி கொடிக்கம்பில மாட்டிட்டான். இப்ப நானும் அவங்கப்பாவும் துணி காயப்போட போறப்ப எல்லாம் அந்த அட்டைய தள்ளிட்டு தான் போறோம்.